விதைக்குள்ளே ஒரு கூட்டுக் குடும்பம்

ஏற்காடு, செம்மநத்தம் பக்கம் போனால் காப்பிச் செடிகளைப் பார்க்கலாம். ஒரு காப்பிக் கொட்டையைக் கையில் எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளித்தோல் தாய்ச்செடி கொடுத்தது. உள்ளே கெட்டியாக இருப்பது கருவூண், அதாவது சாப்பாடு. ஓரத்தில் சின்னதாக ஒளிந்திருப்பது கரு. அதுதான் நாளைய செடி. மூணும் மூணு வழியில் வந்தவை. ஆனா மூணும் ஒண்ணா வளர்ந்தாத்தான் விதை!

இந்த அதிசயத்தை வாழ்நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் பஞ்சானன் மகேஸ்வரி. 1904-ல் ஜெய்ப்பூரில், ஒரு குமாஸ்தாவின் மகனாகப் பிறந்தவர். அலகாபாத்தில் படித்தபோது வின்ஃபீல்ட் டட்ஜன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவரைத் தாவரக் கருவியலுக்கு இழுத்து வந்தார். குருவுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று சீடர் கேட்டாராம். தனக்கு ஒன்றும் வேண்டாம், தான் செய்ததை அவர் தன் மாணவர்களுக்குச் செய்தால் போதும் என்றாராம் குரு.

மகரந்தக் குழாய் இரண்டு ஆண் செல்களைச் சூலுக்குள் கொண்டு வருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று நடுச் செல்லோடு சேர்ந்து கருவூண் ஆகிறது. சூலின் உறை விதைத்தோலாக மாறுகிறது. கருவூண் சரியாக வளராவிட்டால் பெரும்பாலும் கருவும் பட்டினியில் சுருங்கிவிடும். ஒருத்தர் சோறு போட, ஒருத்தர் காவல் காக்க, ஒருத்தர் வளர்கிறார். நம்ம வீடு மாதிரியே இல்லையா?

மகேஸ்வரி 1939-ல் டாக்காவிலும், 1949 முதல் டில்லியிலும் பணிபுரிந்தார். 1950-ல் வெளிவந்த அவருடைய கருவியல் நூலை உலகமே படித்தது. 1962-ல் காந்தா, ரங்கசுவாமி என்ற இருவரோடு சேர்ந்து, கசகசாச் செடியின் சூல்களைத் தனியே எடுத்து, சோதனைக் குழாயிலேயே கருவுறச் செய்து விதை உண்டாக்கிக் காட்டினார். 1964-ல் அவர் துறையைச் சேர்ந்த சிப்ரா குகாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப் பையிலிருந்தே கருக்களை வளர்த்தார்கள். பயிர் விஞ்ஞானத்துக்கே அது புது வழி. 1965-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. மறு வருஷமே, 1966 மே மாதம், 61 வயதில் மறைந்தார்.

குருவுக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிவிட்டார். நண்பர்களே, லேத்தில் நம் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் கடனை அவர்களிடம் திருப்பித் தர முடியாது. அடுத்த வருஷம் வர்ற ஜூனியர் பசங்களுக்குத்தான் தரணும்.