ஜான் பென்னிகுயிக் : நீரைத் தாங்கிய எடை

நுழையும்முன்

தேனி மாவட்டத்தின் கடமலைக்குண்டு வழியே ஓடும் மூல வைகை, மழைக்காலத்தில் கரைபுரளும். கோடையில் வெறும் மணற்பரப்பாய்க் காட்சியளிக்கும். வருசநாட்டு மலையில் பிறக்கும் அந்த ஆற்றுடன், தேனிக்கு அருகே முல்லைப் பெரியாற்று நீர் வந்து கலக்கிறது. மேற்குக் கடலுக்குச் சென்றுகொண்டிருந்த நீரைக் கிழக்கே திருப்பிய பொறியாளரின் வாழ்வையும், அவரது அணை நிலைத்து நிற்பதன் அறிவியலையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஜான் பென்னிகுயிக் 1841 சனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். அவருடைய தந்தை ஆங்கிலேயப் படையின் உயர் அலுவலர். 1849இல் நிகழ்ந்த சிலியன்வாலாப் போரில் தந்தையும் தமையனும் ஒருசேர வீழ்ந்தனர். அப்போது பென்னிகுயிக்கிற்கு எட்டு வயதுகூட நிறைவடையவில்லை. பின்னர் இங்கிலாந்தின் அடிஸ்கோம் படைக் கல்லூரியில் பயின்ற அவர், பொறியாளராகச் சென்னை மாகாணத்திற்குத் திரும்பினார்.

1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் மாகாணத்தையே உலுக்கியது. மலையின் கிழக்கே வயல்கள் வெடித்துக் கிடக்க, மேற்கே பெரியாற்றின் வெள்ளம் பயனின்றிக் கடலில் கலந்தது. அந்நீரைத் திருப்பும் எண்ணம் நெடுங்காலமாகவே இருந்தது. 1808இல் ஆய்வு செய்த கால்டுவெல் என்னும் படை அலுவலர் அது இயலாது எனக் கருதினார். 1882இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாக, மறுஆண்டே பணி தொடங்கியது.

ஆற்றின் குறுக்கே எழுப்பப்பட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால், அது மோதும் விசை நான்கு மடங்காகும். இவ்விதியைப் பொறியாளர்கள் ஏட்டில் மட்டுமன்றிக் களத்திலும் கண்டனர். காட்டு விலங்குகளும் காலராவும் மலேரியாவும் தொழிலாளரை வாட்டின. நூற்றுக்கணக்கானோர் நோயால் இறந்தனர். அவர்களின் கல்லறைகள் அணைக்கு அருகிலேயே உள்ளன. பென்னிகுயிக் தம் உடைமைகளை விற்றுப் பணியைத் தொடர்ந்தார் என்னும் செய்தி இப்பகுதி மக்களிடையே வழிவழியாக வழங்கி வருகிறது.

அவர் அமைத்தது ஈர்ப்பு அணை. தன் எடையையே வலிமையாகக் கொண்டு நிற்பது இவ்வகை அணையின் இயல்பு. நீரின் அழுத்தம் ஆழத்திற்கேற்ப மிகும். 155 அடி ஆழத்தில், ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 47 டன் எடைக்கு இணையான விசை செயல்படுகிறது. ஏரி எத்தனை கல் தொலைவு பரந்திருந்தாலும், சுவரைத் தள்ளும் விசையை ஆழமே முடிவு செய்கிறது. ஆழம் இருமடங்கானால், சுவர்மீது செயல்படும் மொத்த விசை நான்கு மடங்காகும். அடிப்புறத்தைச் சுழற்சிமையமாகக் கொண்டு அணையைக் கவிழ்க்க முயலும் திருப்புத்திறன் எட்டு மடங்காகும்.

இதனை எதிர்கொள்ளவே, உச்சியில் 12 அடியாக இருக்கும் அகலம் அடியில் ஏறத்தாழ 140 அடியாக விரிகிறது. சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் கருங்கல்லும் சேர்ந்த கட்டுமானத்தின் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. அவ்வெடை கவிழ்வைத் தடுக்கிறது. அதனால் பாறைத் தளத்தில் உண்டாகும் உராய்வு வழுக்கலைத் தடுக்கிறது. நீர் சுவரைத் தள்ளும் விசைக்குச் சமமான எதிர்விசையைச் சுவரும் நீர்மீது செலுத்துகிறது. அணை அசையாதிருப்பதற்குக் காரணம் அதன்மீது விசைகள் இல்லாமை அன்று. செயல்படும் விசைகள் யாவும் சமநிலையில் இருப்பதேயாகும். 1979ஆம் ஆண்டுக்குப் பின் அணை வலுப்படுத்தப்பட்டபோதும், கான்கிரீட்டால் எடையைக் கூட்டும் முறை கையாளப்பட்டது.

1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். தேங்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்குச் சரிவை அடைந்தது. அங்கிருந்து அதனை இழுத்துச் செல்ல எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. புவியீர்ப்பு விசையே அதனைக் கம்பம் பள்ளத்தாக்கிற்குக் கொண்டு சேர்த்தது. பென்னிகுயிக் பின்னர் இங்கிலாந்தில் பொறியியல் கல்லூரித் தலைவராகப் பணியாற்றி, 1911 மார்ச் 9 அன்று மறைந்தார்.

இன்றும் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் அவர் பிறந்த நாளில் பொங்கலிட்டு வணங்குகின்றனர். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் எழுந்துள்ளது. எனினும், அவர் பணியின் அளவை உணர மணிமண்டபம் மட்டும் போதாது. கோடையில் கடமலைக்குண்டு ஆற்றின் மணலில் நின்று பார்த்துவிட்டு, தேனிக்கு அருகே இரு நீரும் கலக்குமிடத்தையும் காணுதல் வேண்டும். அவ்விரு காட்சிகளுக்கும் இடையிலான வேறுபாடே பென்னிகுயிக்கும் பெயர் அறியப்படாத தொழிலாளரும் நமக்கு விட்டுச் சென்ற செல்வம்.