டென்சிங் நோர்கே

டென்சிங் நோர்கே (மே 1914 – மே 9, 1986) புகழ்பெற்ற செர்ப்பா மலையேறுநர் ஆவார். மே 29, 1953 அன்று நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் இல்லரியுடன் எவரெசுட்டு சிகரத்தை முதன்முதலாக அடைந்தார். அதன் பின்னர் டார்ஜிலிங்கில் 22 ஆண்டுகள் புதியவர்களுக்கு மலையேற்றம் பயிற்றுவித்தார். சிகர வெற்றியின் புகழில் இப்பணி பெரிதும் மறைந்துவிட்டது.

இளமை

இவரது இயற்பெயர் நம்கியால் வாங்டி. ரொங்புக் மடத்தின் தலைமை லாமாவின் அறிவுரைப்படி பெயர் மாற்றப்பட்டது. பிறந்த இடம் திபெத்தின் கார்த்தா பள்ளத்தாக்கு என்றும் நேபாளத்தின் தாமே என்றும் இருவேறு கருத்துகள் உள்ளன. பிறந்த நாளும் சரியாகத் தெரியாததால், சிகரத்தை அடைந்த மே 29ஐயே பிறந்தநாளாகக் கொண்டார். இவர் பள்ளி சென்று எழுதப் படிக்கக் கற்றவரல்லர். எனினும் பல மொழிகள் பேசினார்.

மலையேற்றம்

1935ல் எரிக் சிப்டன் தலைமையிலான குழுவில் சுமை தூக்குபவராகச் சேர்ந்தார். 1952ல் சுவிட்சர்லாந்துக் குழுவின் ரேமண்ட் லாம்பேருடன் சுமார் 8,600 மீட்டர் உயரத்தை எட்டினார். அதற்கு முந்தைய இரவை இருவரும் உறங்குபைகளும் அடுப்பும் இன்றிக் கூடாரத்தில் கழித்தனர். மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கிக் குடித்தனர்.

1953ல் இவர் மேற்கொண்டது ஏழாவது எவரெசுட்டு முயற்சியாகும். அப்பயணத்தில் இல்லரி பனிப்பிளவு ஒன்றில் விழுந்தபோது, டென்சிங் பனிக்கோடரியை ஊன்றி, கயிற்றை அதில் சுற்றி அவரைத் தாங்கிப் பிடித்தார். இதன் பிறகே இல்லரி இவரைத் தம் இணையாக விரும்பினார் எனலாம்.

பயிற்றுநர்

எவரெசுட்டு வெற்றியைத் தொடர்ந்து நவம்பர் 4, 1954 அன்று டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் நிறுவப்பட்டது. நரேந்திர தர் ஜயால் முதல் முதல்வரானார். டென்சிங் களப்பயிற்சி இயக்குநரானார். உலகப் புகழ் பெற்ற பின்னரும் இவர் மீண்டும் மாணவராக நேர்ந்தது குறிப்பிடத்தக்கது. 1954ல் ஜயாலுடனும் வேறு சில செர்ப்பாக்களுடனும் சுவிட்சர்லாந்து சென்று, ஆர்னால்டு கிளாத்தார்டின் பள்ளியில் மலையேற்றத்தைக் கற்பிக்கும் முறையைப் பயின்றார். ஏறத் தெரிவது வேறு, ஏறக் கற்பிப்பது வேறு.

கழகத்தில் புதியவர்கள் முதலில் டார்ஜிலிங்கை அடுத்த பாறைகளில் பழகுவர். அவற்றுள் ஒன்று டென்சிங் பாறை என்றே அழைக்கப்படுகிறது. பாறையேற்றத்தின் அடிப்படை விதி எளியது: இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று பாறையில் உறுதியாக இருக்கும்போதே நான்காவதை நகர்த்த வேண்டும். உடல் எடையைக் கால்களே தாங்க வேண்டும். அச்சத்தால் பாறையை அணைத்துக்கொள்பவரின் கால்கள் வழுக்கும். கைகளும் விரைவில் சோர்ந்துவிடும். ஆகவே முடிச்சிடுவதுடன் கயிற்றையும் அதைப் பிடித்திருப்பவரையும் நம்பப் பழகுவதும் பயிற்சியின் பகுதியாகிறது. கயிற்றில் சறுக்கி இறங்கும்போது இது பெரிதும் வேண்டப்படுகிறது. பின்னர் சிக்கிமில் உள்ள அடிவார முகாமுக்குச் சுமையுடன் நடந்து சென்று பனியில் பயில்வர்.

ஆபத்து பயிற்றுநர்களையும் விட்டதில்லை. ஜயால் 1958ல் சோ ஓயு மலையில் நோயுற்று இறந்தார். டென்சிங்கின் உறவினரான நவாங் கோம்பு 1963லும் 1965லும் எவரெசுட்டை அடைந்து, இருமுறை ஏறிய முதல் மனிதரானார்.

விருதுகளும் இறப்பும்

பிரித்தானியாவின் சார்ச்சு பதக்கமும், 1959ல் இந்தியாவின் பத்ம பூசண் விருதும் பெற்றார். 1976ல் ஓய்வு பெற்று, 1978ல் மலைப்பயண நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1986ல் டார்ஜிலிங்கில் காலமானார். அவரது உடல் கழக வளாகத்திலேயே எரியூட்டப்பட்டது.