ஹ்யூமும் தீவுப் பறவைகளும்

போத்தனூர் ஜங்ஷன் வழியாக மேற்குக் கரைக்கு ரயிலேறும் நம் கொங்கு நாட்டு நேயர்கள் அரபிக் கடலைக் கண்டிருப்பார்கள். அக்கரைக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால் சிதறிக் கிடப்பவை இலட்சத்தீவுகள். 1875-ம் ஆண்டில் 'கிளைடு' என்னும் சர்க்கார் அளவைக் கப்பலில் ஓர் உயர்தர அதிகாரி அங்கே சென்றார். கலங்கரை விளக்கங்களுக்கு இடம் பார்ப்பதே யாத்திரையின் நோக்கமென்று சொல்லப்பட்டது. அவர் கருத்தோ பறவைகளின்மேலும் இருந்தது. பின்னாளில் காங்கிரஸ் மகாசபையை ஸ்தாபித்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் அவரே.

பார்லிமெண்டில் சீர்திருத்தங்களுக்காகப் போராடிய ஜோசப் ஹ்யூமின் புதல்வராக 1829-ல் பிறந்த இவர், 1849-ல் வங்காள சிவில் உத்தியோகத்தில் சேர்ந்தார். எட்டாவா ஜில்லாவில் குடிமக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள் திறந்தார். ஓய்ந்த நேரமெல்லாம் பறவையாராய்ச்சிக்கே அர்ப்பணமாயிற்று. 1873-ல் அந்தமான், நிக்கோபார் முதலிய தீவுகளைச் சுற்றினார். நார்கொண்டம் என்னும் சிறு எரிமலைத் தீவில் மட்டுமே வாழும் இருவாட்சிப் பறவையை உலகுக்கு முதன்முதல் விவரித்தவர் இவரே. தேசமெங்குமுள்ள அன்பர்கள் அனுப்பிய குறிப்புகளைச் சேர்த்து, பறவைகளுக்கென்றே ஒரு சஞ்சிகையும் நடத்தினார்.

மேலதிகாரிகளிடம் மனத்திற் பட்டதைக் கூசாமல் சொன்னார். 1879-ல் காரியதரிசிப் பதவி பறிபோயிற்று. 1882-ல் உத்தியோகத்தை விட்டு விலகினார். அதைவிடப் பெரிய இடி பிறகு விழுந்தது. இந்தியப் பறவைகளைப் பற்றிப் பல்லாண்டு எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் வீட்டில் இல்லாத சமயம் ஒரு வேலைக்காரன் பழைய காகிதமாக விற்றுவிட்டான். அப்பெருநூல் பிறவாமலே மாண்டது. மனமுடைந்த ஹ்யூம், 80,000-க்கும் மேற்பட்ட பறவைகளும் முட்டைகளும் அடங்கிய தம் சேகரத்தை 1885-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அதே 1885-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி பம்பாயில் 72 பிரதிநிதிகள் கூடினர். முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் நம் தமிழகத்து ஜி. சுப்பிரமணிய ஐயர். ஊர்தோறும் அன்பர்களைத் தேடி, சிதறிய செய்திகளை ஓரிடத்தில் திரட்டும் வித்தையை ஹ்யூம் பறவைகளிடத்தில் பழகியிருந்தார். அதுவே தேசத்துக்கும் பயன்பட்டதென்று நாம் கருதுகிறோம். ஆங்கில ஆட்சியைக் காப்பதே அவர் நோக்கமென்று குறை கூறுவோரும் உண்டு. அவ்விவாதம் இருக்கட்டும், விதைத்தவன் எண்ணத்துக்குள் மரம் அடங்கி நிற்பதில்லை. 1912-ல் அவர் லண்டனில் காலமானார்.

நம் தீவுகளில் அவர் எடுத்த பறவைகள் இன்றும் இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. நம்மவர் அவற்றைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டும். கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரால் 1990-ல் பறவையாராய்ச்சி நிலையம் ஏற்பட்டது நம் ஜில்லாவுக்குப் பெருமை. ஆயினும் ஒரு வருஷக் கணக்கைக் கொண்டு பறவையினம் பெருகிற்றா, அருகிற்றா என்று அறிய முடியாது. பழைய கணக்கு பக்கத்தில் இருந்தாலன்றோ ஒப்பிடலாம்? எழுதுவது பாதி, எழுதியதைக் காப்பது மறுபாதி. கடைத்தெருவில் பொட்டலமாய்ப் போன ஹ்யூமின் ஏடுகள் நமக்குச் சொல்வது இதுவே.