மெட்ராஸ் ஹெரால்டு முதல் மறுபிறவி எடுத்த ஆல்பைன் வரை: யார் இந்த மிக்கெலோட்டி?

2022-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன்னுடைய 'காண்டெஸா' பிராண்டு உரிமையை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றியது. அவ்வளவுதான் செய்தி. புது கார் எதுவும் வரவில்லை. ஆனால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? நீண்ட பானட், அகன்ற கிரில், இரண்டு பக்கமும் பழைய காண்டெஸாவின் நேர்க்கோடுகள் என்று கம்ப்யூட்டரில் வரைந்த படங்கள் போன் போனாகச் சுற்ற ஆரம்பித்தன.

காண்டெஸா உண்மையில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் 'இந்தியாவின் மஸில் கார்' என்ற பட்டம் அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்த கார் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. அதே நிறுவனம்தான் 1998-ல் நம்ம திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த லான்சருக்கும் இன்றுவரை தனி ரசிகர் கூட்டம் உண்டு.

மூடிப்போன பிராண்டு திரும்பி வரப்போகிறது என்றாலே ரசிகர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: பழைய முகம் இருக்குமா? அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றிக் காட்டிய உதாரணங்களில் முக்கியமானது, 2017-ல் மறுபிறவி எடுத்த பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார் பிராண்டான ஆல்பைன். அந்த முகத்தின் மூலத்தைத் தேடிப் போனால் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரு மேசையும் பென்சிலும் வந்து நிற்கின்றன. அதே மேசையில் பிறந்த இன்னொரு கார், சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் தயாராகித் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடியது. அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி.

பேட்ஜில் இல்லாத பெயர்

1921 அக்டோபர் 6-ல் டூரினில் பிறந்தார் மிக்கெலோட்டி. பதின்ம வயதிலேயே 'ஸ்டாபிலிமென்டி ஃபரினா' என்ற கார் பாடி கட்டும் நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். டிசைன் ஸ்கூல், டிகிரி எல்லாம் கிடையாது. பட்டறையிலேயே வரையக் கற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் கார் கம்பெனி ஒன்று இன்ஜினும் சேஸிஸும் தரும். அதன் மேல் தகரத்தை வளைத்து பாடி கட்டுவது வேறொரு பட்டறை. டிசைன் போடுகிறவர் அந்தப் பட்டறையின் சம்பளக்காரர். காரில் கம்பெனி பெயர் இருக்கும், பட்டறை பெயரும் இருக்கும். வரைந்தவர் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது.

1949-ல் மிக்கெலோட்டி வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஸ்டூடியோ தொடங்கினார். இன்றைய பாஷையில் சொன்னால் ஃப்ரீலான்ஸர். ஒரே நேரத்தில் பல பட்டறைகளுக்கு வரைந்து கொடுத்தார். 1950-களின் தொடக்கத்தில் விக்னாலே பட்டறை பாடி கட்டிய ஃபெராரி கார்கள் பலவற்றின் வடிவம் இவருடையது. பெயர் என்னவோ விக்னாலேவுக்குத்தான் போனது. வாழ்நாள் முழுக்க ஆயிரத்துக்கும் அதிகமான டிசைன்கள் வரைந்த ஒருவரைப் பொதுமக்களில் பலருக்குத் தெரியாமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஹெரால்டு பிறந்த கதை

1950-களின் நடுவில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனம் ஒரு சிக்கலில் இருந்தது. (இந்த டிரையம்ஃப் கார் கம்பெனி. இன்று நாம் பார்க்கும் டிரையம்ஃப் பைக் பிசினஸ் 1936-லேயே தனியாகப் பிரிந்துவிட்டது.) அவர்களுக்கு கார் பாடி செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை.

அதனால் பழைய முறைக்கே திரும்பினார்கள். கீழே தனி சேஸிஸ். மேலே பல தொழிற்சாலைகளில் செய்த பாகங்களைப் போல்ட் போட்டு இணைத்த பாடி. இந்தக் கட்டுப்பாட்டுக்குள் அழகான ஒரு சின்ன கார் வேண்டும். கம்பெனியின் சொந்த டிசைன்கள் எதுவும் திருப்தி தரவில்லை. தலைமை இன்ஜினீயர் ஹாரி வெப்ஸ்டர், மிக்கெலோட்டியிடம் போனார்.

மெல்லிய தூண்கள், பெரிய கண்ணாடிகள், கூர்மையான ஓரங்கள். மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் ஒரே துண்டாகத் திறக்கும் பானட். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜினில் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். 1959 ஏப்ரலில் டிரையம்ஃப் ஹெரால்டு அறிமுகமானது.

மெட்ராஸ் என்ன செய்தது?

போல்ட் போட்டு இணைக்கும் பாடி என்பதால் ஹெரால்டைப் பாகங்களாகக் கப்பலில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவது எளிது. இந்தியாவில் அந்த வேலையை எடுத்துக்கொண்டது மெட்ராஸின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் வந்தது. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஹெரால்டு. அன்றைய இந்திய கார் சந்தை என்பது ஏறக்குறைய இந்த மூன்றுதான்.

மிக்கெலோட்டி வரைந்த ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள். குடும்பத்தோடு பின் சீட்டில் ஏறி இறங்கும் நம்ம ஊருக்கு அது சரிப்படவில்லை. 1968-ல் மெட்ராஸ் ஆலை நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. அது இந்தியாவுக்கே உரிய வடிவம். 1970-களில் தோற்றத்தை உள்ளூரிலேயே மாற்றி, நம்ம சாலைக்குத் தோதாகப் பின்பக்க ஆக்ஸிலையும் மாற்றி, 'ஸ்டாண்டர்டு கஸெல்' என்று பெயர் வைத்தார்கள். இன்ஜின் பழைய ஹெரால்டின் அதே 948 சிசி. 1977 வாக்கில் கஸெல் நின்றது. 1980-களில் வந்த ஸ்டாண்டர்டு 2000-ம் எடுபடவில்லை. 1988-ல் கார் தயாரிப்பே முடிந்துபோனது.

கம்பெனிகளைக் காப்பாற்றிய பென்சில்

ஹெரால்டு வெளிவந்த அதே 1959-ல் ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ திவாலாகும் நிலையில் இருந்தது. ஒரு பக்கம் யாரும் வாங்க முடியாத விலையில் பெரிய கார்கள், இன்னொரு பக்கம் லாபமே தராத குட்டி 'பபிள்' கார். நடுவில் விற்க எதுவும் இல்லை. போட்டியாளரான டைம்லர்-பென்ஸிடம் கம்பெனியை ஒப்படைக்கலாமா என்று அந்த டிசம்பரில் பங்குதாரர்கள் கூட்டம் போட்டு விவாதிக்கும் அளவுக்குப் போனது. அப்போது கைகொடுத்த கார்களில் ஒன்று மிக்கெலோட்டி வடிவமைத்த பிஎம்டபிள்யூ 700. அது சுமார் 1,88,000 கார்கள் விற்றது.

டிரையம்ஃபுக்காக அவர் வரைந்த ஸ்பிட்ஃபயர் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார், பணம் இல்லாமல் ஆலையின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-ல் லேலண்ட் நிறுவனம் டிரையம்ஃபை வாங்கியபோது, அந்தத் துணியை விலக்கிப் பார்த்தவர்கள் உடனே தயாரிப்புக்கு ஓகே சொன்னார்கள். 1962-ல் சந்தைக்கு வந்த ஸ்பிட்ஃபயர் 1980 வரை ஓடியது.

ஜப்பானியர்களும் இவரைத் தேடி வந்தார்கள். பிரின்ஸ் ஸ்கைலைன் ஸ்போர்ட் இவர் வரைந்தது. ஹினோ நிறுவனத்துக்காக 1964-ல் வந்த இன்னொரு காரின் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: காண்டெஸா 1300. இத்தாலிய மொழியில் 'கோமகள்' என்று பொருள். ஆனால் நம்ம ஊரு காண்டெஸாவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை. நம்ம காண்டெஸா, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரிலிருந்து வந்தது.

ஆல்பைன்: முகம் உருவானது எப்படி?

பிரான்ஸின் டியெப் நகரத்தைச் சேர்ந்த ஜான் ரெடெலே ரெனோ கார் டீலர். ரேஸ் பைத்தியம். 1955-ல் ஆல்பைன் பிராண்டைத் தொடங்கினார். 1957-ல் அவருக்காகத் திறந்த மேல்தளம் கொண்ட சின்ன காரை வரைந்து கொடுத்தார் மிக்கெலோட்டி. தாழ்ந்த மூக்கு, உருண்டை விளக்குகள், பின்னோக்கி மெலிந்து போகும் உடல். அந்தக் கோடுகளை அடிப்படையாக வைத்து ஆல்பைன் ஆட்கள் கூரை சேர்த்து மேம்படுத்தியதுதான் ஏ108 பெர்லினெட். அதிலிருந்து 1960-களில் ஏ110 வந்தது.

ஃபைபர் கிளாஸ் பாடி, பின்பக்கம் ரெனோ இன்ஜின், வெறும் 1.13 மீட்டர் உயரம். 1971-ல் மான்டே கார்லோ ராலியை வென்றது. 1973-ல் உலக ராலி சாம்பியன்ஷிப் முதல் முறையாக நடத்தப்பட்டபோது, தயாரிப்பாளர்களுக்கான பட்டம் ஆல்பைனுக்குத்தான். பிறகு ரெனோ கைக்குப் போன ஆல்பைன், 1995-ல் கார் விற்பனையையே நிறுத்தியது. அதற்குள் மிக்கெலோட்டி இல்லை. 1980 ஜனவரி 23-ல், 58 வயதில், புற்றுநோயால் டூரினில் இறந்துவிட்டார். நான்கு ஆண்டுகளில் டிரையம்ஃப் கார்களும் நின்றுபோயின. டிரையம்ஃப் கார் பெயர் இன்று பிஎம்டபிள்யூ வசம் தூங்குகிறது.

ரசிகர்கள் கேட்டதும் கிடைத்ததும்

2012-ல் ஆல்பைன் திரும்பி வரும் என்று ரெனோ அறிவித்ததும் எதிர்பார்ப்பு பற்றிக்கொண்டது. நடுவில் கூட்டாளியான கேட்டர்ஹாம் நிறுவனம் விலகியது. இழுத்தடித்து, 2017 மார்ச்சில் ஜெனீவா ஷோவில் புதிய ஏ110 வந்தது. முன்னால் நான்கு வட்ட விளக்குகள், பானட் நடுவில் முதுகெலும்பு போல ஒரு கோடு, பக்கவாட்டில் பள்ளம், வளைந்த பின்கண்ணாடி. பார்த்தவுடனே பழைய ஏ110 ஞாபகம் வரும். முதல் பதிப்பாக 1,955 கார்கள் அறிவிக்கப்பட்டன, பிராண்டு பிறந்த ஆண்டின் நினைவாக. சில நாட்களிலேயே எல்லாம் புக் ஆகிவிட்டன.

ஆனால் விளக்கை மட்டும் காப்பியடித்திருந்தால் இது நடந்திருக்காது. பழைய காரின் அழகுக்குக் காரணம் அது சின்னது, எடை குறைந்தது என்பதுதான். புதிய குழுவும் அங்கிருந்தே தொடங்கியது. அலுமினியத்தில் செய்து எடையைச் சுமார் 1,100 கிலோவில் நிறுத்தினார்கள். இன்ஜினை மட்டும் பின்கோடியிலிருந்து சீட்டுக்குப் பின்னால், நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். வேகத்தில் காரைச் சாலையோடு அழுத்திப் பிடிக்கப் பின்னால் பெரிய இறக்கை வைப்பது வழக்கம். இவர்களோ காரின் அடிப்பகுதியைத் தட்டையாக்கி அந்த வேலையைச் செய்ய வைத்தார்கள். மெலிந்து போகும் அந்தப் பின்பக்கக் கோட்டைக் கெடுக்கக் கூடாது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

இதை மிக்கெலோட்டியின் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும்.  பாடி செய்து தர ஆள் இல்லை என்ற சிக்கலுக்கான விடை ஹெரால்டு. நடுத்தர விலையில் விற்க எதுவும் இல்லை என்ற சிக்கலுக்கான விடை பிஎம்டபிள்யூ 700. நாம் 'முகம்' என்று ஏங்குவது உண்மையில் அந்த விடையின் வெளித்தோற்றம். சிக்கலை விட்டுவிட்டு முகத்தை மட்டும் கொண்டுவந்தால் அது மாறுவேடப் போட்டிதான். காண்டெஸாவோ, என்றாவது ஹெரால்டோ திரும்பி வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கிரில் பழையது மாதிரி இருக்கிறதா என்பது இல்லை. இன்றைய நம்ம சாலைக்கும் பர்ஸுக்கும் அது என்ன விடை வைத்திருக்கிறது என்பதுதான்.

மிக்கெலோட்டி வரைந்த தாள்களை அவருடைய குடும்பம் ஆவணக் காப்பகமாகப் பாதுகாத்து வருகிறது. எந்தப் பட்டறையின் பெயரில் வந்த எந்த கார் இவருடையது என்பதை அந்தத் தாள்கள்தான் உறுதி செய்கின்றன. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் ஷிப்டு முடித்துக் கிளம்புகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அவர்கள் கைபட்ட பாகங்களும் வேறு யாருடைய பேட்ஜோடுதான் சாலைக்குப் போகின்றன.