கப்பல் கணக்கில் ரத்தம் கண்ட கிராணி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கிராணி யார் என்று சொல்லத் தேவையில்லை. பால் கணக்கு, பெயர்ப் பதிவு, சம்பளப் பட்டியல் எல்லாம் அவர் கையில்தான் இருக்கும். 1890-களில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில், எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் நிறுவனத்தில் அப்படியொரு கிராணி வேலை பார்த்தார். அவர் பெயர் ஈ.டி. மோரல். காங்கோ மண்ணில் அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. ஆனால் கப்பல் சரக்குக் கணக்கைப் புரட்டிப் பார்த்தே, காங்கோவில் ரப்பருக்காக மக்கள் வதைக்கப்படுவதைக் கண்டுபிடித்தார்.

மோரல் 1873 ஜூலை 10-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், அரசாங்க ஊழியர். தாய் இங்கிலாந்துக்காரர். மோரலுக்கு நான்கு வயதாக இருக்கும்போதே தந்தை காலமானார். குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது. தாய் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி விடுதிப் பள்ளியில் படிக்க வைத்தார். மேற்படிப்புக்கு வசதி இல்லை. பாரிஸில் ஒரு வங்கியில் சில காலம் வேலை செய்துவிட்டு, 1891-இல் லிவர்பூல் கப்பல் நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளம் போதவில்லை. மேற்கு ஆப்பிரிக்க வர்த்தகத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிக் கூடுதலாகக் கொஞ்சம் சம்பாதித்தார். 1896-இல் மேரி ரிச்சர்ட்சனை மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள்.

அந்தக் காலத்தில் காங்கோ யாருடையது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1884, 1885-இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கு போடுவதற்கான விதிகளை வகுத்தன. அந்தச் சமயத்தில் காங்கோ ஆற்றுப் படுகையின் பெரும்பகுதி பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் கைக்குப் போனது. பெல்ஜிய நாட்டின் கைக்கு அல்ல, லியோபோல்ட் என்ற தனி மனிதரின் கைக்கு. பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கும் மேல் பரப்பளவுள்ள நிலம் அது. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போகிறேன், நாகரிகத்தைக் கொண்டு போகப் போகிறேன் என்று அவர் உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவரும் அங்கே போனதே இல்லை.

முதலில் யானைத் தந்தம்தான் அங்கிருந்து வந்தது. 1888-இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்று நிரப்பும் டயரை உருவாக்கியதும் நிலைமை மாறியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பிடித்தது. பின்னாலேயே மோட்டார் கார் வந்தது. ரப்பருக்கான தேவை ஏறிக்கொண்டே போனது. தோட்டம் போட்டு மரம் வளர்த்துப் பால் வெட்டுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். காங்கோவின் காட்டில் ரப்பர் கொடிகள் தாமாகவே வளர்ந்து கிடந்தன. தோட்டங்கள் விளைச்சல் தருவதற்குள் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவையும் கறந்துவிட வேண்டும் என்று லியோபோல்ட் அவசரப்பட்டார்.

லிவர்பூல் நிறுவனத்துக்குக் காங்கோவுக்குக் கப்பல் விடும் ஒப்பந்தம் இருந்தது. பிரெஞ்சு மொழி தெரிந்தவர் என்பதால் மோரலை அடிக்கடி பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். கப்பல்கள் வரும், போகும். என்ன இறங்குகிறது, என்ன ஏறுகிறது என்று அவர் பதிய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இறங்கியது ரப்பரும் தந்தமும். மூட்டை மூட்டையாக, லட்சக்கணக்கான பிராங்க் மதிப்பில். ஏறியது என்ன? இராணுவ அதிகாரிகள், துப்பாக்கிகள், தோட்டாப் பெட்டிகள். துணிமணி, உப்பு, பாத்திரம் என்று வியாபாரத்துக்கான பொருள் மிகச் சொற்பம். இவ்வளவு ரப்பரைக் கொடுத்த மக்களுக்குப் பதிலாக என்ன கொடுக்கப்பட்டது என்று அவர் கணக்கில் தேடினார். பணமாகவும் போகவில்லை, பொருளாகவும் போகவில்லை. ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் தோட்டா. கூலி கொடுக்காமல் இவ்வளவு சரக்கை வாங்க முடியுமானால், அதற்கு ஒரே வழி துப்பாக்கி முனையில் வேலை வாங்குவதுதான். அடிமை முறையை ஒழிக்கப் போன இடத்தில் அடிமை முறையே நடக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஏற்கெனவே சில பாதிரியார்கள் காங்கோக் கொடுமைகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றும் கெட்ட அதிகாரிகள் செய்த தவறு என்று அவற்றை ஒதுக்கி வந்தார்கள். அந்தச் சாக்கு இனிச் செல்லாது என்பதை மோரலின் கணக்கு காட்டியது. கொடுமை இல்லாமல் அந்த வியாபாரமே நடக்க வழியில்லை.

காட்டுக்குள் நடந்தது இதுதான். ஒவ்வொரு கிராமத்துக்கும் இத்தனை கிலோ என்று அளவு வைத்தார்கள். கொடி மரங்களின் உச்சிவரை படர்ந்திருக்கும். ஆண்கள் நாட்கணக்கில் காட்டில் கிடந்து, ஏறி, வெட்டிப் பால் எடுக்க வேண்டும். மங்கு இல்லை, வாளி இல்லை. பாலைக் கையிலும் மார்பிலும் பூசி உலரவிட்டு, காய்ந்ததும் உரோமத்தோடு பிய்த்து எடுத்தார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. பால்மரக்காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது எவ்வளவு வலி என்று விளங்கும். ஆண்கள் காட்டிலிருந்து திரும்பும்வரை அவர்களுடைய மனைவிமாரைப் பிணையாக அடைத்து வைத்தார்கள். அளவு குறைந்தால் சாட்டையடி. எதிர்த்தால் கிராமத்தையே சுட்டார்கள். சிப்பாய்கள் தோட்டாவை வீணாக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக, கொல்லப்பட்டவர்களின் வலது கையை வெட்டிக் கொண்டுவர வேண்டும். வேட்டைக்குத் தோட்டாவைச் செலவழித்தவர்கள் கணக்கை நேராக்க உயிரோடு இருப்பவர்களின் கையையும் வெட்டினார்கள். அங்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. கொலையாலும் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் பல லட்சம் பேர்.

தாம் கண்டதை மோரல் நிறுவனத் தலைவர் சர் ஆல்பிரட் ஜோன்ஸிடம் சொன்னார். ஜோன்ஸ் லிவர்பூலில் காங்கோ அரசின் கௌரவத் தூதராகவும் இருந்தவர். கேட்க வேண்டிய ஆளிடம்தான் சொன்னார், ஆனால் கேட்க விரும்பாத ஆள். அலுவலகத்தில் எல்லோரும் அவரை விலகி நடந்தார்கள். பதவி உயர்வு காட்டினார்கள், பணம் காட்டினார்கள். 1901-இல் அவர் வேலையை விட்டார். கையில் சேமிப்பு இல்லை, வீட்டில் சின்னப் பிள்ளைகள். அப்போது அவருக்கு வயது 28.

1903-இல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காங்கோ விவகாரத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. காங்கோவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ரோஜர் கேஸ்மெண்ட் உள்நாட்டுக்குள் போய் நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். கணக்கைப் பார்த்தவரும் கண்ணால் பார்த்தவரும் 1903 டிசம்பரில் சந்தித்தார்கள். இருவரும் பேசியதன் விளைவாக 1904 மார்ச்சில் லிவர்பூலில் காங்கோ சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. கேஸ்மெண்ட் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து 100 பவுண்டு கொடுத்தார்.

சங்கத்துக்குப் பெரும் பலம் சேர்த்தவர் ஒரு பெண். பாதிரியார் ஜான் ஹாரிஸின் மனைவி ஆலிஸ் சீலி ஹாரிஸ் காங்கோவின் பரிங்கா என்ற இடத்தில் இருந்தார். கையில் ஒரு கேமரா வைத்திருந்தார். 1904 மே மாதம் நசாலா என்ற தகப்பன் ஒருவர் இலையில் சுற்றிய பொட்டலத்துடன் அவரிடம் வந்தார். ரப்பர் அளவு குறைந்ததற்காகக் கொல்லப்பட்ட அவருடைய ஐந்து வயது மகளின் கையும் காலும் அதில் இருந்தன. வாசற்படியில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தகப்பனை ஆலிஸ் படம் எடுத்தார். அந்தப் படம் இங்கிலாந்து முழுவதும் தேவாலய மண்டபங்களில் விளக்குப் படமாகத் திரையில் காட்டப்பட்டது. சைக்கிளில் வந்து இறங்கிக் கூட்டத்துக்குப் போனவர்கள், தங்கள் சக்கரத்தில் இருப்பது என்ன என்று அன்றுதான் பார்த்தார்கள்.

ஆனால் சைக்கிளை விட்டுவிடும்படி மோரல் யாரையும் கேட்கவில்லை. வாங்குபவன் மீதும் பழி உண்டு என்பது தமிழருக்குப் புதிதல்ல. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் படித்தவர்களுக்கு அது தெரியும். மோரலின் நோக்கு வேறு. காங்கோ மக்களுக்குத் தங்கள் நிலமும் அதன் விளைச்சலும் சொந்தமாக வேண்டும், நியாயமான விலைக்கு அவர்களே விற்க வேண்டும், அதைச் செய்ய வைக்கும் கடமை பெர்லினில் கையெழுத்துப் போட்ட அரசாங்கங்களுடையது என்றார். தனித்தனியாக வாங்குபவரின் மனச்சாட்சியைவிட அரசாங்கத்தின் கையெழுத்தை அவர் நம்பினார்.

இதில் ஒரு முரண்பாடும் இருந்தது. மோரலின் இயக்கத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் சாக்லேட் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் காட்பரி. அவருடைய நிறுவனம் கோக்கோவில் கணிசமான பகுதியைப் போர்த்துகீசியர் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து வாங்கியது. அங்கே அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்ட ஆட்கள் ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் வேலை செய்தார்கள். அவர்களில் திரும்பி ஊருக்குப் போனவர்கள் இல்லையென்றே சொல்லலாம். 1901-லேயே இது காட்பரியின் காதுக்கு எட்டியது. போர்த்துகீசிய அரசிடம் பேசித் திருத்தப் பார்க்கிறோம் என்று சொல்லி, 1909 வரை அந்தக் கோக்கோவை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். இதைச் சுட்டிக்காட்டிய லண்டன் நாளேடு மீது நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. வழக்கில் வென்றது. நீதிமன்றம் கொடுத்த நஷ்ட ஈடு ஒரு பார்திங், அதாவது கால் பென்னி. காங்கோவுக்காக ஓங்கி ஒலித்த மோரலின் குரல் இந்தத் தீவுக்காக அப்படி ஒலிக்கவில்லை. நண்பரின் பணத்தில் நடக்கும் இயக்கத்துக்கு நண்பரின் கோக்கோவைக் கேள்வி கேட்பது எளிதல்ல என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

1906-இல் அவர் எழுதிய சிவப்பு ரப்பர் என்ற நூல் வெளிவந்தது. நெருக்கடி தாங்காமல் லியோபோல்ட் 1908 நவம்பரில் காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைத்தார். சும்மா ஒப்படைக்கவில்லை, விலை பேசி வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு இறந்தார். சட்டங்கள் மெல்ல மாறின. வேலை முடிந்தது என்று 1913-இல் சங்கத்தைக் கலைத்தார்கள்.

காங்கோவின் மூச்சு கொஞ்சம் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது மலாயாவில் இருக்கிறது. பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர் பூங்காவின் ரிட்லி மரத்தைச் சாகடிக்காமல் தினமும் பால் வெட்டும் முறையைப் பரப்பினார். 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் எங்கும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. டன்லப் நிறுவனமும் அந்தச் சமயத்தில் மலாயாவில் தோட்டம் வாங்கியது. 1914 வாக்கில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சிவிட்டது. அந்தத் தோட்டங்களுக்குப் பால் வெட்டக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டினார்கள். புதுத் தோட்டங்களில் மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் கொசுவை ஒழிக்கப் பாடுபட்டது இந்தக் காலத்தில்தான். காங்கோவையும் மலாயாவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இங்கே கூலி உண்டு, கை வெட்டு இல்லை. ஆனால் டயர் வாங்கியவர்கள் அதே ஆட்கள்தான். ரப்பர் எங்கிருந்து வருகிறது என்று அப்போதும் அவர்கள் பெரும்பாலும் கேட்கவில்லை. கேட்பதற்கு இன்னொரு கிராணியும் கிடைக்கவில்லை.

மோரலின் பிற்கால வாழ்க்கை கசப்பானது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது, மக்களுக்குத் தெரியாமல் செய்துகொண்ட இரகசிய ஒப்பந்தங்களே இதற்குக் காரணம் என்று எதிர்த்து இயக்கம் நடத்தினார். நேற்றுவரை மாலை போட்டவர்கள் தேசத்துரோகி என்றார்கள். தம் பிரசுரத்தைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியதற்காக 1917-இல் ஆறு மாதம் சிறைத் தண்டனை. லண்டன் பெண்டன்வில் சிறையிலிருந்து வெளியே வந்தவரின் உடம்பு பிறகு தேறவேயில்லை.

1920-இல் அவர் செய்த காரியத்தை அவரைப் போற்றுகிறவர்கள் பேச விரும்புவதில்லை. தோற்ற ஜெர்மனியின் ரைன் பகுதியில் பிரான்ஸ் ஆப்பிரிக்கச் சிப்பாய்களை நிறுத்தியது. அதை எதிர்த்து மோரல் எழுதிய பிரசுரங்களில் கறுப்பினத்தவரைக் காமவெறி பிடித்தவர்களாகச் சித்திரித்தார். காங்கோ மக்களின் கைகளுக்காகப் பத்தாண்டுக்கு மேல் போராடிய அதே பேனா. வேறு யாரோ எழுதியிருந்தால் அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிடலாம். இவர் எழுதியதை அப்படி விட முடியாது.

1922 தேர்தலில் ஸ்காட்லாந்தின் டண்டீ தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்றார். அங்கே தோற்றுப்போனவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1924-இல் தொழிற்கட்சி முதன்முறையாக ஆட்சி அமைத்தபோது வெளியுறவு அமைச்சர் பதவி மோரலுக்கு வரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பிரதமர் மெக்டொனால்ட் அதைத் தாமே வைத்துக்கொண்டார்.

அதே ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, டெவன் மாவட்டத்தில் காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்த மோரல், களைப்பாக இருக்கிறதென்று ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்படியே உயிர் பிரிந்தது. வயது 51.