வலிக்கவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க! - கொல்லிமலையில் பிறந்து கால்களைக் காப்பாற்றிய டாக்டர்

சாரல் சீசன். ஐந்தருவியில ஆசை தீரக் குளிச்சுட்டு அப்பா, அம்மாவோட ஈரத்துணியோடு திரும்பி வர்றீங்க. அப்பா நடந்து வந்த தரையில லேசா ரத்தக்கறை. பதறிப்போய்க் காலைத் தூக்கிப் பார்த்தா, உள்ளங்கால்ல பாறை கிழிச்ச காயம். 'எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா'ன்னு அவர் சிரிக்கிறார். பத்து வருஷமா சுகர் இருக்கிறவர்.

பாறையில வழுக்கி உங்க கணுக்கால் பிசகியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? வலி தாங்காம அன்னிக்கே தென்காசியில ஒரு டாக்டரைத் தேடிப் போயிருப்பீங்க. அப்பாவுக்கு வலிக்கல, அதனால துணியைக் கட்டிக்கிட்டு அடுத்த அருவிக்குக் கிளம்பிடுவார். இந்த ரெண்டுல எது ஆபத்து? இதுக்கு விடை தேடியே வாழ்க்கையைக் கழிச்ச ஒரு டாக்டரைப் பத்தித்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப்போறேன்.

கொல்லிமலை பையன்

அவர் பெயர் பால் பிராண்ட். பிறந்தது 1914-ல், நம்ம கொல்லிமலையில. அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் ரெண்டு பேரும் இங்கிலாந்தில இருந்து வந்த மிஷனரிகள். மலைவாழ் மக்களுக்கு மருந்து கொடுக்கிறதும் அவங்க வேலைதான். செருப்பில்லாம மலையில ஓடித் திரிஞ்சு வளர்ந்தார் பால். ஒருமுறை தொழுநோய் பாதிச்ச மூணு பேர் சிகிச்சைக்கு வந்தாங்க. எல்லா நோயாளிகளையும் தயங்காம தொடும் அப்பா, அன்னிக்குக் கையுறை போட்டுக்கிட்டு அவங்க புண்ணுக்குக் கட்டுப் போட்டதை அந்தப் பையன் பார்த்தான். பயம் கலந்த அந்தக் காட்சி அவர் மனசுல தங்கிப்போச்சு.

9 வயசுல படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929-ல் அப்பா மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். மகனால கடைசியா முகத்தைக்கூடப் பார்க்க முடியல. முதல்ல அவர் போனது கட்டட வேலைக்கு. தச்சு வேலையும் கொத்து வேலையும் கத்துக்கிட்டார். டாக்டர் படிப்பு அதுக்கு அப்புறம்தான். ஆனா அந்தத் தச்சர் கை பின்னாளில் எவ்வளவு உதவுச்சுன்னு போகப் போகப் புரியும்.

துருப்பிடிச்ச பூட்டு

1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சை மருத்துவரா வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, கை மடங்கிப்போன ஒரு நோயாளியோட கையைக் குலுக்கினார். பிடி இரும்பா இருந்துச்சு! அப்போ தசை முழுசா சாகல, சில நரம்புகள்தான் செயலிழந்திருக்குன்னு அவருக்குப் பொறி தட்டுச்சு. 1948-ல் இருந்து, நல்லா இருக்கிற தசைநாரை எடுத்து இடம் மாத்திப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்த ஆரம்பிச்சார்.

இன்னொரு நாள், துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணு அவருக்குத் திறக்கல. பக்கத்துல நின்ன நோயாளிச் சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துட்டான். அவன் விரலைப் பார்த்தா எலும்பு தெரியுற அளவுக்குக் கிழிஞ்சிருக்கு. அவனுக்கோ எதுவுமே தெரியல.

அதுவரைக்கும் தொழுநோய் வந்தா சதை தானா அழுகி விரல் உதிரும்னுதான் உலகம் நம்பிக்கிட்டு இருந்துச்சு. உண்மை வேறன்னு பிராண்ட் காட்டினார். உணர்ச்சி இல்லாததால சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறாங்க, ஆணியை மிதிச்சும் நடக்கிறாங்க. தூங்கும்போது எலி கடிச்சாலும் எழுந்திருக்கிறதில்ல. அதுக்காக வீட்டுக்குப் போற நோயாளிகள் கையில பூனையைக் கொடுத்து அனுப்பினாங்க!

செருப்பும் மருந்துதான்

கால் புண்தான் அவருக்குப் பெரிய சவாலா இருந்துச்சு. ரொம்ப தூரம் நடந்தா நாம என்ன செய்வோம்? ஒரு இடம் கடுக்க ஆரம்பிச்சதும் நம்மை அறியாமலே பாரத்தை மாத்திப் போடுவோம், லேசா நொண்டுவோம். உணர்ச்சியில்லாத கால் ஒரே இடத்துல ஆயிரக்கணக்கான தடவை அழுந்தும். முதல்ல சூடாகும், சிவக்கும், அப்புறம் புண்ணாகும்.

பாரத்தைப் பிரிச்சுக் கொடுத்தாலே பெரும்பாலான புண் ஆறும்னு அவர் புரிஞ்சுக்கிட்டார். இலங்கையில மில்ராய் பால் என்ற மருத்துவர் ஏற்கெனவே செய்து பார்த்த மாதிரி, புண் உள்ள காலுக்கு மாவுக்கட்டு போட்டார். ஆறின காலுக்கு வேலூர்லயும் கரிகிரியிலயும் மெத்துன்னு அழுந்துற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு தயாராச்சு. இன்னிக்கு சுகர் இருக்கிறவங்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில வந்ததுதான்.

1953 வாக்கில் லண்டனில் ஒரு இரவு. காய்ச்சலும் பயணக் களைப்புமா சாக்ஸைக் கழட்டினவருக்குக் குதிகால்ல உணர்ச்சியே இல்ல. ஊசியால குத்திப் பார்த்தார், வலிக்கல. தனக்கும் தொழுநோய் வந்துடுச்சுன்னு நினைச்சு ராத்திரி முழுக்கத் தூங்காமக் கிடந்தார். விடிஞ்சதும் மறுபடி குத்தினார், சுரீர்னு வலிச்சது! ரயில்ல மடங்கி உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருக்கு, அவ்வளவுதான். வலிச்சதுக்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் வேற யாரும் இருந்திருக்க மாட்டாங்க.

1966-ல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சர்யம். தமிழ்நாட்டில் பார்த்த அதே புண், அதே காரணம்! வேலூரில் கத்துக்கிட்ட பாடத்தை அங்கே சொல்லிக்கொடுத்தார். ஆபத்து வந்தா எச்சரிக்கிற செயற்கை வலிக் கருவிகூட செய்து பார்த்தார். அது தோத்துப்போச்சு. காரணம், அவசர வேலைன்னா மனுஷங்க கருவியை அணைச்சுட்டு வேலையைப் பார்த்தாங்க. நிஜ வலியை அப்படி அணைக்க முடியாது இல்லையா? 2003-ல் சியாட்டிலில் அவர் காலமானார். அவர் அம்மா ஈவ்லின் கடைசிவரை மலைமக்களோடவே இருந்து, கொல்லிமலையில கணவர் பக்கத்துலயே அடக்கமானார்.

உங்க வீட்டுக்கு வருவோம்

வீட்டில் சுகர் இருக்கிறவங்க இருந்தா, தினமும் ராத்திரி அவங்க உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்க. குனிய முடியலைன்னா தரையில கண்ணாடி வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு இடம் மட்டும் சூடா இருக்கான்னு தொட்டுப் பாருங்க. ஷூ போடும் முன்னாடி உள்ளே கையை விட்டு ஆராய்ஞ்சுக்கணும். கோயில் பிராகாரத்துல கல்லு கொதிக்கிற மத்தியானம் வெறுங்காலோட சுத்த விடாதீங்க. சீக்கிரமா காலையில கூட்டிட்டுப் போங்க.

கணுக்கால் வீங்கி, சூடாகி, சிவந்திருந்து பெருசா வலியில்லைன்னா சுளுக்குன்னு எண்ணெய் தேய்ச்சு நீவாதீங்க. உள்ளே எலும்பு உடைஞ்சிருக்கலாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும். வருஷம் ஒருமுறை கால்ல உணர்ச்சி இருக்கான்னு மெல்லிய நைலான் இழையால தொட்டுப் பார்க்கிற பரிசோதனையையும் கேட்டு வாங்குங்க.

அடுத்த தடவை குற்றாலம் போனா, அருவியில இருந்து வெளியே வந்ததும் அப்பாவை ஒரு திட்டுல உட்கார வைங்க. செல்ஃபி அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல ரெண்டு காலையும் தூக்கிப் பாருங்க.