பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்த மஞ்சள் சட்டை

இளைஞர்களே, உங்க காலம் முடிஞ்சு போச்சு என்று ஊரே சொல்லும்போது என்ன செய்வீங்க? இத்தாலிய சைக்கிள் வீரர் ஜீனோ பார்தாலி என்ன செய்தார் என்று பார்ப்போம்.

1914-இல் புளோரன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். சின்ன வயசிலேயே சைக்கிள் கடையில் வேலை. அங்கேதான் பந்தய ஆசை பிறந்தது. 1936-இல் இத்தாலியைச் சுற்றும் பெரிய பந்தயத்தில் முதலிடம். ஆனால் அதே ஜூன் மாதம், பந்தயத்தில் ஓடிய தம்பி ஜூலியோ விபத்தில் இறந்துபோனார். சைக்கிளே வேண்டாம் என்று ஒதுங்கப் பார்த்த ஜீனோ, மனசைத் தேற்றிக்கொண்டு மறுபடியும் ஏறினார். 1938-இல், 24 வயதில், உலகின் கடினமான சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில் வென்று, முதல்வருக்கு உரிய மஞ்சள் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பிறகு உலகப்போர் வந்தது. 1940 முதல் 1946 வரை டூர் டி பிரான்ஸ் நடக்கவே இல்லை. ஒரு வீரரின் உடம்பு உச்சத்தில் இருக்கும் வருஷங்கள் அவை. எல்லாம் போச்சு!

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. 1943-இல் ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்ததும் யூதர்களைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தார்கள். புளோரன்ஸ் கார்டினல் எலியா தல்லா கோஸ்தா கேட்டுக்கொண்டபடி, பார்தாலி போலி அடையாளத் தாள்களைச் சைக்கிளின் இரும்புக் குழாய்க்குள் சுருட்டி வைத்து, புளோரன்ஸுக்கும் அசிசிக்கும் இடையே ஓட்டினார். பார்ப்பவர்களுக்கு அது பயிற்சி ஓட்டம். பிடிபட்டால் உயிர் போகும். ஒரு யூதக் குடும்பத்துக்கு ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்தார்.

1948-இல் மறுபடியும் பிரான்ஸுக்குப் போனார். பந்தயம் நடக்கும்போதே 34 வயது முடியப் போகிறது. முதல் நாள் ஓட்டத்தில் வென்றாலும், போகப் போகப் பின்தங்கினார். கான் நகரத்தை அடைந்தபோது, முன்னால் இருந்த 23 வயது பிரெஞ்சு வீரர் லூயிசோன் போபே 21 நிமிடத்துக்கும் மேல் முந்தியிருந்தார். கிழவர் கதை முடிஞ்சது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஜூலை 14, ஓய்வு நாள். அன்று ரோமில் கம்யூனிஸ்ட் தலைவர் தோலியாத்தியை ஒருவன் சுட்டுவிட்டான். நாடு கொந்தளித்தது, உள்நாட்டுச் சண்டை வந்துவிடுமோ என்ற பயம். அன்றிரவு பிரதமர் தெ காஸ்பெரி பார்தாலிக்குப் போன் செய்து, ஒரு வெற்றி நாட்டுக்கு உதவும் என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆல்ப்ஸ் மலை. மழை, குளிர், சேறு. இளைஞர்கள் தடுமாற, பார்தாலி இசோவார் கணவாயைத் தாண்டித் தனியாகப் பிரியான்சோன் வந்து சேர்ந்தார். 21 நிமிடம் ஏறக்குறைய முழுசும் கரைந்தது! அடுத்த ஓட்டத்திலும் வென்று மஞ்சள் சட்டையை வாங்கினார். அதற்கடுத்த ஓட்டமும் அவருக்கே. பாரிஸ் வந்தபோது இரண்டாம் இடத்தவரைவிட 26 நிமிடத்துக்கும் மேல் முன்னிலை. டூர் டி பிரான்ஸில் இரண்டு வெற்றிகளுக்கு நடுவே பத்து வருஷ இடைவெளி என்பது இன்னொருவருக்கு வாய்க்காத சாதனை.

தோலியாத்தி பிழைத்துக்கொண்டார், கலவரமும் அடங்கியது. அது பார்தாலியால்தான் என்று சொல்வது மிகை. ஆனால் கலங்கிப்போன மக்களுக்கு ஒன்றாகச் சந்தோஷப்பட ஒரு காரணம் கிடைத்தது உண்மை.

போர்க்காலத்தில் செய்ததைப் பற்றி அவர் ஊருக்குச் சொல்லிக்கொள்ளவே இல்லை. 2000-இல் இறந்தார். 2013-இல்தான் இஸ்ரேலின் யாட் வஷேம் நினைவகம், யூதர்களைக் காத்த நல்லோர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது.

மேடையில் வாங்கிய சட்டையை உலகம் பார்த்தது. சைக்கிள் குழாய்க்குள் கொண்டுபோனதை யாரும் பார்க்கவில்லை. பந்தயம் இல்லாத அந்த வருஷங்களை அவர் வீணாக்கவில்லை. நமக்கும் படிப்பிலோ வேலையிலோ சில வருஷம் கைவிட்டுப் போகலாம். அப்போ நாம என்ன செய்யறோம் என்பதுதான் கேள்வி.